கொசு இல்லாத மலேரியா

1930களின் தொடக்கத்தில் நியூயார்க் மருத்துவமனைகளுக்குச் சிலர் கடும் காய்ச்சலும் நடுக்கமுமாக வந்து சேர்ந்தார்கள். சிலர் நினைவு தப்பிய நிலையில் கொண்டுவரப்பட்டு, நினைவு திரும்பாமலே இறந்தார்கள். சவப் பரிசோதனை செய்த மருத்துவர்கள் பார்த்தது பால்சிபாரம் வகை மலேரியா. வெப்ப நாடுகளுக்கே உரிய, மூளையைத் தாக்கிக் கொல்லும் வகை அது. பனி பெய்யும் நகரத்தில், கடல் தாண்டிப் போயிராத ஆட்களுக்கு அது எப்படி வந்தது?

இறந்தவர்களின் கைகளில் விடை இருந்தது. எல்லோரும் ஹெராயினை ஊசி மூலம் ஏற்றிக்கொள்பவர்கள். ஒரே சிரிஞ்சைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தியவர்கள். வெளிநாடு போய்வந்த யாரோ ஒருவருடைய இரத்தத்தில் ஒட்டிவந்த கிருமி, கொசுவின் தயவில்லாமலே அடுத்தவருக்குப் போயிருக்கிறது. மில்டன் ஹெல்பெர்ன் என்ற தடயவியல் மருத்துவர் 1934இல் இதை விரிவாக எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கெய்ரோவிலும் இதே கதை நடந்திருந்தது.

நியூயார்க் ஹெராயினில் பிற்பாடு பல பத்தாண்டுகள் கொய்னா கலந்து விற்றார்கள். மலேரியாவுக்குப் பயந்துதான் கலக்க ஆரம்பித்தார்கள் என்றொரு கதை உண்டு. எனக்கென்னவோ வியாபாரக் காரணம்தான் பொருத்தமாகப் படுகிறது: ஹெராயினும் கசக்கும், கொய்னாவும் கசக்கும், நாக்கில் வைத்துப் பார்க்கும் வாடிக்கையாளருக்குக் கலப்படம் தெரியாது. காரணம் எதுவாக இருந்தாலும், எச்.ஐ.வி. என்ற பெயர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஒரு விஷயம் மருத்துவ ஏடுகளில் பதிவாகிவிட்டது. இந்த மனிதர்களைக் கொன்ற தொற்று, அவர்கள் ஏற்றிக்கொண்ட பொருளிலிருந்து வரவில்லை. ஒரே ஊசி எத்தனை பேரைத் தொட்டது என்பதிலிருந்து வந்தது. இந்த ஒரு வரியை அரசுகளும் ஊர்களும் மறுபடி மறுபடி மறந்து, மறுபடி மறுபடி பிணங்களை எண்ணிக் கற்றுக்கொண்டதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

முதலில் அந்தச் சிறு கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஊசி முனை இரத்தக்குழாய்க்குள் சரியாக இறங்கிவிட்டதா என்று அறிய, பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பார்கள். சிரிஞ்சுக்குள் சிவப்பு எட்டிப் பார்த்தால் சரி. அந்தக் கணத்திலேயே அவருடைய இரத்தம் குழலுக்குள் வந்துவிட்டது. பிஸ்டனை முழுக்க அழுத்திய பிறகும் எல்லாம் வெளியேறிவிடாது; ஊசியும் குழலும் சேரும் இடத்தில் கொஞ்சம் தங்கும். ஊசியைக் கழற்றி மாட்டும் வகை சிரிஞ்சில் இப்படித் தங்குவது ஏறத்தாழ 84 மைக்ரோலிட்டர், அதாவது ஒன்றரைச் சொட்டு. ஊசி குழலோடு ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் அது வெறும் 2 மைக்ரோலிட்டர். நீரில் அலசிய பிறகு மிஞ்சும் இரத்தத்தைக் கணக்கிட்டால் இந்த இடைவெளி இன்னும் பல மடங்கு விரியும். பிளாஸ்டிக் வார்ப்பில் ஒரு சிறு மாற்றம், தொற்றும் வாய்ப்பில் பெரிய மாற்றம். எந்த சிரிஞ்சை மொத்தமாகக் கொள்முதல் செய்வது என்று டெண்டர் எழுதும் அதிகாரிக்குக்கூட நோய்த்தடுப்பில் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அந்த மிச்சத்தில் வைரஸ் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்? யேல் பல்கலைக்கழகத்து ஆய்வகம் சிரிஞ்சுகளில் இரத்தத்தை அடைத்து வைத்துப் பார்த்தது. எச்.ஐ.வி. குளிரில் ஆறு வாரம்வரை தாக்குப்பிடித்தது. நம் ஊர் வெப்பநிலையில் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அழிந்துபோனது. ஹெபடைடிஸ் சி வைரஸ் மகா கெட்டி. கழற்றி மாட்டும் சிரிஞ்சுகள் சிலவற்றில் 63 நாளுக்குப் பிறகும் அது உயிரோடு இருந்தது. பொருளைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, அலசும் தண்ணீர் இவற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும். ஊசியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு மற்றதைப் பகிர்கிறவர்கள் எச்.ஐ.வி.யிடமிருந்து தப்பினாலும் ஹெபடைடிஸ் சியிடம் மாட்டிக்கொள்வது இதனால்தான். உலகில் ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்போர் 2021இல் சுமார் 1 கோடியே 32 லட்சம் பேர் என்பது ஐ.நா.வின் மதிப்பீடு. அவர்களில் எட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, ஹெபடைடிஸ் சி இருந்ததோ பாதிப் பேருக்கு.

ஒரு தடவை பகிர்வதில் ஆபத்து சின்னதுதான். எச்.ஐ.வி. உள்ளவர் போட்ட ஊசியை 10,000 தடவை பிறர் போட்டுக்கொண்டால் சராசரியாக 63 தடவை தொற்றும் என்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம். ஆனால் இது திருவிழாவுக்கு ஒருமுறை நடக்கும் காரியமல்ல, தினசரிக் காரியம். அப்படிப்பட்ட ஊசியை நாளுக்கு ஒருமுறை போடுகிறார்கள் என்று வைத்தாலே, ஒரு வருடத்தில் தொற்றாமல் தப்புகிறவர் பத்தில் ஒருவர்தான் இருப்பார்.

இந்தக் கணக்கை ஒரு நகரம் முழுக்க நடத்திக் காட்டியது எடின்பரோ.

1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்கு மலிவு ஹெராயின் வந்து குவிந்தது. நகரத்தின் ஓரத்தில் வேலையில்லாத இளைஞர்கள் நிரம்பிய குடியிருப்புகளில் அது பரவியது. போலீஸார் தங்கள் கணக்கில் நல்ல வேலைதான் செய்தார்கள்: சிரிஞ்சு வைத்திருந்தவர்களைப் பிடித்தார்கள், சிரிஞ்சுகளைப் பறித்தார்கள். மருத்துவச் சாதனங்கள் விற்ற ஒரு கடை அதுவரை இளைஞர்களுக்கு ஊசி விற்றுவந்தது. அந்த விற்பனையும் நின்றது. மருந்துக் கடைக்காரர்கள் கை விரித்தார்கள். ஹெராயின் இருந்தது, ஊசி இல்லை. எனவே ஒரு வீட்டில் பத்து இருபது பேர் கூடி ஒரே சிரிஞ்சைச் சுற்றில் விட்டார்கள். போலீஸிடம் மாட்டாமல் இருக்க யாரும் ஊசியோடு தெருவில் நடமாடவில்லை. ஊசி இருந்த வீட்டுக்கே எல்லோரும் போனார்கள்.

மியூர்ஹவுஸ் என்ற குடியிருப்பில் ராய் ராபர்ட்சன் என்ற பொது மருத்துவர் இருந்தார். ஹெபடைடிஸ் பி பரிசோதனைக்காகத் தன் நோயாளிகளிடம் எடுத்த இரத்த மாதிரிகள் அவரிடம் உறைநிலையில் இருந்தன. 1985இல் எய்ட்ஸ் வைரஸுக்கான பரிசோதனை வந்ததும் அவற்றை எடுத்துப் பார்த்தார்கள். 164 பேரில் 51 சதவீதத்தினருக்குத் தொற்று. பழைய மாதிரிகளை வரிசையாகச் சோதித்தபோது வைரஸ் 1983 வாக்கில்தான் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது என்று தெரிந்தது. இரண்டே வருடத்தில் பாதிப் பேர். எழுபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி கிளாஸ்கோ. அங்கும் அதே ஹெராயின், அதே வறுமை, எண்ணிக்கையில் அதிகமான பயனர்கள். தொற்று விகிதம் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது.

வித்தியாசம் முழுவதையும் ஊசித் தட்டுப்பாட்டின் தலையில் கட்டுவது சரியல்ல. வைரஸ் எந்த ஊருக்கு முதலில் வந்தது என்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. ஆனால் வந்த வைரஸை இத்தனை வேகமாக வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது இருபது பேருக்கு ஒரு சிரிஞ்சு என்ற நிலைமைதான். இங்கிலாந்துப் பத்திரிகைகள் எடின்பரோவை ஐரோப்பாவின் எய்ட்ஸ் தலைநகரம் என்று எழுதின. ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்து எடின்பரோ நினைவிருக்கும்.

நகரத்தின் இரத்த வங்கிக்குப் பொறுப்பாக இருந்த பிரையன் மெக்லெலண்ட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. சுத்தமான ஊசியை அரசே கொடுக்க வேண்டும் என்று 1986இல் அது சொன்னது. மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த காலம்; போதைக்காரர்களுக்கு அரசு செலவில் ஊசியா என்று முகம் சுளித்தவர்கள் நிறைய. ஆனாலும் அடுத்த ஆண்டே பிரிட்டனில், பழைய ஊசியை வாங்கிப் புதியதைக் கொடுக்கும் ஊசி மாற்று மையங்கள் அரசு ஆதரவோடு சோதனை முறையில் தொடங்கின. போதைப்பொருள் பயன்பாட்டைவிட எச்.ஐ.வி.யே தனிமனிதருக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் பெரிய அபாயம் என்று அரசின் ஆலோசனைக் குழு 1988இல் வெளிப்படையாக எழுதியது. முன்னுரிமையை இவ்வளவு துணிச்சலாக வரிசைப்படுத்திய அரசு ஆவணங்கள் குறைவு.

ஐரோப்பாவில் இதற்கு முன்னோடி ஆம்ஸ்டர்டாம். அங்கே 1984இல் ஊசி மாற்றைத் தொடங்கியவர்கள் மருத்துவர்களோ அதிகாரிகளோ அல்லர். போதைப்பொருள் பயன்படுத்துவோரே கூடி அமைத்த சங்கம். ஒரு மருந்துக்கடை ஊசி விற்பதை நிறுத்தியதும் ஹெபடைடிஸ் பி பரவும் என்று பயந்து செய்தார்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை முதன்முதலில் கணக்குப் போட்டு நிறுவிய இடம் அமெரிக்காவின் நியூ ஹேவன். அங்கே அப்போது மருத்துவர் சீட்டு இல்லாமல் சிரிஞ்சு வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 1990 நவம்பரில் ஒரு வேன் தெருவுக்கு வந்தது: பழைய ஊசியைக் கொடு, புது ஊசியை வாங்கிக்கொள். பலன் என்ன என்று எப்படி அளப்பது? வருகிறவர்களிடம், பகிர்ந்தீர்களா என்று கேட்டால் கேட்பவருக்குப் பிடித்த பதிலே வரும். யேலில் எட்வர்ட் கேப்லான் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். தொழிற்சாலை, வரிசை, சரக்குப் போக்குவரத்து இவற்றுக்குக் கணக்குப் போடுவது அவர் துறை. மனிதர்களைக் கேட்க வேண்டாம், ஊசிகளைக் கேட்போம் என்றார் அவர். கொடுத்த ஒவ்வொரு சிரிஞ்சுக்கும் ஓர் எண். வாங்கியவருக்கு ஒரு புனைபெயர். எண் எந்த நாளில் போனது, எந்த நாளில், யார் கையில் திரும்பி வந்தது என்று குறித்துக்கொண்டார்கள். திரும்பிய ஊசியில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று ராபர்ட் ஹைமரின் ஆய்வகம் பார்த்தது.

இந்தச் சிந்தனையின் வேர் நம் ஊருக்கு அருகிலிருந்து கிளம்பியது. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ், பிற்பாடு கணக்கில் இறங்கினார். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக அடங்கும் என்று சமன்பாடுகளால் காட்டினார். 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் அதை நீட்டினார். கிருமியை வாங்கிக்கொண்ட கொசு அதைப் பரப்பும் நிலைக்கு வர சில நாட்கள் ஆகும். அதற்குள் அது செத்துவிட்டால் ஆபத்தில்லை. எனவே எண்ணிக்கையைவிடக் கொசுவின் ஆயுளே முக்கியம் என்றார். கேப்லான் செய்தது இதுதான்: சிரிஞ்சைக் கொசுவாக வைத்தார். ஊசி எத்தனை நாள் தெருவில் சுற்றுகிறதோ அத்தனை பேரைக் கடிக்கும். பழையதை வாங்கிப் புதியதைக் கொடுத்தால் தெருவில் மொத்த எண்ணிக்கை மாறாது, ஒவ்வோர் ஊசியின் ஆயுளும் சுருங்கிவிடும்.

கணக்கு பலித்தது. வேன் வருவதற்கு முன் தெருவில் பொறுக்கிய ஊசிகளில் மூன்றில் இரண்டில் வைரஸ் இருந்தது; கூட்டமாகப் போட்டுக்கொள்ளும் மறைவிடங்களில் எடுத்தவற்றில் பத்தில் ஒன்பதில் இருந்தது. திட்டம் தொடங்கிய சில மாதங்களில் திரும்பிவரும் ஊசிகளில் தொற்று சரியத் தொடங்கியது. புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் திட்டத்தில் சேர்ந்தோரிடையே மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று கேப்லான் மதிப்பிட்டார். இது 1991இல் வெளியானது. அதுவரை எதிர்த்துவந்த நியூயார்க் மேயர் டேவிட் டின்கின்ஸ் அடுத்த ஆண்டு மனம் மாறினார். ஒரு சமன்பாடு அரசியல்வாதியின் மனதை மாற்றியது அபூர்வமான நிகழ்ச்சி. அதற்காகவே கேப்லானைப் பாராட்டலாம்.

ஊசியை இலவசமாகக் கொடுத்தால் போதைப் பழக்கம் பெருகாதா? நியாயமான கேள்விதான். பல நாடுகளில் முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்தாகிவிட்டது. பெருகியதற்குச் சான்று இல்லை. எதிர்த்திசையில் சான்று உண்டு. சியாட்டிலில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், ஊசி மாற்று மையத்துக்குப் புதிதாக வந்தவர்கள், எட்டிப்பார்க்காதவர்களைவிட ஐந்து மடங்கு அதிகமாகச் சிகிச்சையில் சேர்ந்தார்கள். காரணம் பெரிய மர்மமல்ல. திட்டாமல் பேசுகிற ஒரு சுகாதார ஊழியரை அவர்கள் வாரம் ஒருமுறை பார்க்கிறார்கள். மனம் வந்த நாளில் யாரிடம் கேட்பது என்று தெரிந்திருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் 2015இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் அதே தவறு நடந்தது. ஸ்காட் கவுண்டியில் ஆஸ்டின் என்று ஓர் ஊர், சுமார் 4,200 பேர். ஆக்சிமார்ஃபோன் என்ற வலிநிவாரண மாத்திரையை அங்கே போதைக்குப் பயன்படுத்தினார்கள். பொடி செய்து மூக்கில் உறிஞ்ச முடியாதபடி நிறுவனம் மாத்திரையைக் கெட்டியாக்கியது. உறிஞ்ச முடியாதவர்கள் கரைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார்கள். ஒரு வழியை அடைத்ததும் அதைவிட ஆபத்தான வழி திறந்தது. பத்தாண்டில் ஐந்தே எச்.ஐ.வி. தொற்றுகள் பதிவாகியிருந்த கவுண்டியில் ஓராண்டுக்குள் 180ஐத் தாண்டியது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சியும் இருந்தது. ஊசி மாற்று அப்போது அங்கே சட்டவிரோதம். ஆளுநராக இருந்த மைக் பென்ஸ் மார்ச் 26 அன்று அவசரநிலை அறிவித்துத் தற்காலிகமாக அனுமதித்தார். தொற்று அடங்கியது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அந்த மாத்திரையைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. 2021இல் கவுண்டி ஆணையர்கள் இரண்டுக்கு ஒன்று என்று வாக்களித்து ஊசி மாற்றுத் திட்டத்தை மூடினார்கள்.

இந்தியாவின் எடின்பரோ, மணிப்பூர். பர்மா எல்லையில் மோரே என்ற சிற்றூரைத் தமிழர்கள் அறிவார்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் குடியமர்ந்து கோயில் கட்டிய ஊர். அங்கிருந்து இம்பால் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில்தான் பர்மா ஹெராயினும் வந்தது. அது வெள்ளையாக, எளிதில் கரையும் வகை, ஊசிக்கு ஏற்றது. 1989 செப்டம்பர்வரை இம்பாலில் ஊசிப் பயனர்களிடம் எச்.ஐ.வி. தென்படவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் சோதித்தவர்களில் பாதிப் பேருக்கு இருந்தது. எடின்பரோவைவிட வேகம். சிறையில் அடைப்பது, தெருவில் அடிப்பது எல்லாம் முயன்று பார்த்துவிட்டு, 1996இல் மணிப்பூர் தனக்கென ஓர் எய்ட்ஸ் கொள்கை வகுத்தது. நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது. ஊசி மாற்றை ஏற்றதும் அந்தக் கொள்கைதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் வடசென்னை உள்ளிட்ட இடங்களின் ஊசிப் பயனர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து படித்தது. சென்னையில் ஊசியில் போனது பெரும்பாலும் ஹெராயின் அல்ல. மருந்துக்கடையில் கிடைத்த பியூப்ரெனார்ஃபின் என்ற வலிநிவாரணியின் ஆம்பூல். பிற்பாடு அவர் மகன் சுனில் சாலமன் குழுவினர் இந்தியாவின் 15 நகரங்களில் 14,481 ஊசிப் பயனர்களைச் சோதித்தபோது 37 சதவீதத்தினரிடம் ஹெபடைடிஸ் சி தொற்றின் தடயம் இருந்தது. பெரும்பாலோருக்கு அது தமக்கு இருப்பதே தெரியாது. அண்மைக் காலமாக நம் செய்தித்தாள்களில் வேறொரு செய்தி அடிக்கடி தலைகாட்டுகிறது: வலிநிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிய இளைஞர்கள் கைது. கைது செய்தியோடு அது முடிந்துவிடுகிறது. அந்த இளைஞர்களில் எத்தனை பேர் ஒரே சிரிஞ்சைப் பயன்படுத்தினார்கள், அவர்களை யாராவது அரசின் எச்.ஐ.வி. சோதனை மையமான நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப்போய்ச் சோதித்தார்களா என்று எந்த நிருபரும் கேட்டு நான் படித்ததில்லை.

சட்டம் இங்கே தெளிவாகத்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைக் குறைக்கும் நோக்கில் சுத்தமான ஊசி வழங்குவதும், போதைப்பொருளுக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் மாற்று மருந்துச் சிகிச்சை தருவதும் குற்றமாகாது என்கிறது. ஊழியர் ஊசிப் பையோடு நிற்கும்போது அந்தப் பக்கம் வரும் காவலருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருந்தால் போதும்.

இதுவரை சொன்னது ஒருவர் இரத்தத்திலிருந்து இன்னொருவருக்குப் போகும் கிருமிகள். ஊசியை யாரோடும் பகிராதவருக்கும் தொற்று வரும். அவருடைய தோலிலேயே கிருமி இருக்கிறது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஆரோக்கியமான மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் குடியிருக்கும். அழுக்கான தோல் வழியாக ஊசி இறங்கும்போது அதையும் உள்ளே தள்ளிக்கொண்டு போகிறது. ஊசி முனையை நாக்கால் ஈரப்படுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதனால் வாயின் கிருமிகள் இரத்தத்தில் கலக்கும். மாத்திரையில் மருந்தைத் தவிர மாவும் டால்க்கும் செல்லுலோஸும் இருக்கும். வயிற்றுக்கு அவற்றால் தொல்லையில்லை. இரத்தக்குழாயில் போனால் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்.

பழுப்பு ஹெராயின் தண்ணீரில் கரையாது, அமிலம் வேண்டும். 1980களில் கிளாஸ்கோவில் எலுமிச்சைச் சாறு ஊற்றினார்கள். திறந்து வைத்த சாற்றில் கேண்டிடா பூஞ்சை வளர்ந்து, இரத்தம் வழியாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையைப் பறித்தது. பிரிட்டன் 2003இல் தன் சட்டத்தைத் திருத்தி, ஊசி மையங்கள் சிட்ரிக் அமிலப் பொட்டலம் கொடுக்க அனுமதித்தது. எலுமிச்சை மூடியிலிருந்து சட்டத் திருத்தம்வரை போன கதை இது. 2009 டிசம்பரில் ஸ்காட்லாந்தில் ஹெராயினிலேயே ஆந்த்ராக்ஸ் வித்துகள் கலந்து வந்து நூற்றுக்கு மேற்பட்டோரைத் தாக்கி, பத்துப் பேருக்கு மேல் கொன்றது. அங்கே புது ஊசியாலும் காப்பாற்ற முடியவில்லை. ஹெராயினையே தொடாதீர்கள் என்று எச்சரிப்பதும், கட்டி வந்தவர்களை உடனே மருத்துவமனைக்கு இழுப்பதும்தான் வழியாக இருந்தது.

கட்டி என்றால் பெரும்பாலும் சீழ்க்கட்டி. கீறிச் சீழை வடிப்பதே முதன்மைச் சிகிச்சை, மாத்திரை பிறகு. ஆனால் இடுப்பு மடிப்பிலோ கழுத்திலோ உள்ள கட்டியைக் கத்தி வைக்கும் முன் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். துடித்தால் அது சீழ் அல்ல, சேதமடைந்த தமனியின் வீக்கம். கீறினால் மேசையிலேயே உயிர் போகும். சிவப்பு வேகமாகப் பரவுவது, தோலின் தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

நடுக்கத்தோடு வரும் காய்ச்சலுக்குப் பின்னால் சில சமயம் பதுங்கியிருப்பது இதய வால்வுத் தொற்று. கையில் ஏறிய கிருமி சிரைகள் வழியாக முதலில் இதயத்தின் வலப்பக்கத்துக்குத்தான் போகும். எனவே ஊசிப் பயனர்களுக்கு மூவிதழ் வால்வு அடிவாங்குகிறது. அங்கே வளரும் கிருமிக் கட்டியிலிருந்து துணுக்குகள் பிய்ந்து நுரையீரலுக்குப் போகும். இருமலும் நெஞ்சுவலியுமாக வருகிறவரைப் பார்த்தால் நிமோனியா என்றோ காசநோய் என்றோதான் நினைக்கத் தோன்றும். இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, இதய எக்கோ எடுத்தால்தான் உண்மை தெரியும்.

சிகிச்சை நான்கு முதல் ஆறு வாரம், இரத்தக்குழாய் வழியாக. இங்கேதான் மருத்துவமனைகள் தோற்கின்றன. அனுமதித்த எட்டாவது மணி நேரத்தில் அவருக்கு வித்ட்ராயல் தொடங்குகிறது: எலும்பு வரை குடைச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. அதை யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும், பட்டுத் தெளியட்டும் என்று விடுகிற வார்டுகள் உண்டு. மூன்றாம் நாள் படுக்கை காலி. நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். ஒத்துழைக்காதது யார் என்பது எனக்குச் சந்தேகமே. முதல் நாளே மாற்று மருந்தான பியூப்ரெனார்ஃபினோ மெதடோனோ கொடுத்து வேதனையை அடக்கினால் பெரும்பாலோர் படுக்கையில் தங்குவார்கள், ஆன்டிபயாடிக் தன் வேலையைச் செய்யும். டென்மார்க்கில் வால்வுத் தொற்றுள்ள 400 பேரிடம் நடத்திய ஆய்வு, நிலைமை சீரான பிறகு மாத்திரைக்கு மாறலாம் என்று காட்டியது. அந்த 400 பேரில் ஊசிப் பயனர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. இருந்தாலும், மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிக் கண்காணிப்பது, ஆறு வாரத்தில் மூன்று நாள் மட்டும் சிகிச்சை பெறுவதைவிட மேல் என்று பல மருத்துவர்கள் நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

மாற்று மருந்துச் சிகிச்சை தொற்றுத் தடுப்பும்கூட. 1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நிஸ்வாண்டரும் மெதடோனைக் கொண்டுவந்தது பழக்கத்துக்கு வைத்தியமாகத்தான். ஆனால் நாக்கின் அடியிலோ வாய் வழியாகவோ நாளுக்கு ஒருமுறை மருந்து எடுப்பவர் ஊசியைத் தொடும் தடவைகள் குறைகின்றன. கணக்கு அங்கேயே மாறுகிறது. தொகுப்பாய்வுகளின்படி இச்சிகிச்சை மட்டும் ஹெபடைடிஸ் சி தொற்றைப் பாதியாகக் குறைக்கும். தாராளமான ஊசி விநியோகமும் சேர்ந்தால் முக்கால்வாசி குறையும். ஒன்று தெருவில் சுற்றும் ஊசியின் ஆயுளைக் குறைக்கிறது, மற்றது அது கடிக்கும் தடவைகளைக் குறைக்கிறது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தன் மூன்றாம் கட்டத்தில் பியூப்ரெனார்ஃபினை இதற்காகச் சேர்த்தது. சென்னைத் தெருவில் நோயைப் பரப்பிய அதே மருந்து, மையத்தில் ஊழியர் கண்ணெதிரே நாக்கின் அடியில் கரையும்போது அதைத் தடுக்கிறது. ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசியே இருக்கிறது. 0, 7, 21ஆம் நாள் என்று மூன்று வாரத்தில் மூன்று தவணையை முடித்து, ஓராண்டில் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது, மருந்து உண்டு. 1989இல் அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டது. அந்த ஆராய்ச்சிக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. பல ஆண்டுகள் இன்டர்ஃபெரான் ஊசிதான் கதி: ஓராண்டு வரை காய்ச்சலும் மனச்சோர்வும், பாதிப் பேருக்குத்தான் குணம். ஊசிப் பயனர்களை மருத்துவர்கள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் வந்தது. பிற மருந்துகளோடு சேர்த்து எட்டு அல்லது பன்னிரண்டு வார மாத்திரை, நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுக்குணம். அமெரிக்காவில் அப்போது அதன் விலை மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலராக இருந்தது. 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்ததும் விலை தலைகுப்புற விழுந்தது. 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

பழக்கத்தை விடாதவருக்கு மருந்து கொடுத்தால் மறுபடி தொற்றிக்கொள்வாரே என்ற தயக்கம் இன்னும் போகவில்லை. தொற்றிக்கொள்வார்தான், சிலர். ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஊசி மாற்று மையங்களுக்குள் மாத்திரையைக் கொண்டுபோனார்கள். குணமானவர் யாருக்கும் பரப்ப மாட்டார். கூட்டத்தில் கிருமி குறையக் குறைய, மறுதொற்றும் குறையும். ஐந்து பேர் கூடும் ஓர் இடத்தில் ஒருவரை மட்டும் குணமாக்கி அனுப்பினால் அவர் மற்ற நால்வரிடம்தான் திரும்பிப் போவார். ஐவருக்கும் சேர்த்து மாத்திரை தொடங்க வேண்டும், கூடவே ஆளுக்குத் தேவையான ஊசியும். நம் நாட்டில் மாத்திரை இருப்பது அரசு மருத்துவமனையின் ஒரு கட்டடத்தில், ஊசி இருப்பது ஊருக்குள் ஒரு தொண்டு நிறுவனத்தின் அறையில். இரண்டுக்கும் நடுவே உள்ள பேருந்துப் பயணத்தில்தான் ஐவரில் நால்வர் காணாமல் போகிறார்கள்.